மலையில் அணை, சமவெளியில் குளம்: சஜன் பிரகாஷும் எல்லைப்புறத்தின் விளையாட்டு வரலாறும்

2021 ஜூன் 26 அன்று ரோம் நகரில் நடைபெற்ற செத்தே கொல்லி நீச்சல் போட்டியில், ஆடவர் 200 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலைச் சஜன் பிரகாஷ் 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்தார். டோக்கியோ ஒலிம்பிக்கின் நேரடித் தகுதிக்குச் சர்வதேச நீச்சல் கூட்டமைப்பு வகுத்திருந்த 'ஏ' தர அளவு 1 நிமிடம் 56.48 விநாடி. வேறுபாடு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அவர் நீந்திய வேகத்தில் அந்த நேரத்துக்குள் கடக்கக்கூடிய தொலைவு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு. அதற்கு முன் இந்திய நீச்சல் வீரர் எவரும் ஒலிம்பிக்கின் 'ஏ' அளவை எட்டியதில்லை. எல்லா நாடுகளுக்கும் இடமளிக்கும் பொதுப் பிரதிநிதித்துவ ஒதுக்கீடு போன்ற வேறு வழிகளிலேயே இந்திய நீச்சல் வீரர்கள் அண்மைக் கால ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்று வந்தனர். நேரத்தைக் கொண்டே இடத்தைப் பெற்ற முதல் இந்தியர் சஜன்.

அவர் 1993 செப்டம்பர் 14இல் பிறந்தவர். பூர்விகம் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், மணியாரன்குடி. இடுக்கி அணைத்தொகுதிக்கு அருகிலுள்ள மலைக்கிராமம் அது. ஆனால் அவர் நீந்தக் கற்றது அங்கே இல்லை. தமிழ்நாட்டின் நெய்வேலியில், பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் நகரியத்தில் இருந்த குளத்தில். நீரால் பெயர்பெற்ற மலையில் பூர்விகமும் நிலக்கரியால் பெயர்பெற்ற சமவெளியில் நீச்சலும் அமைந்த இந்த முரணைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு விளையாட்டு எங்கே வேர்கொள்கிறது, எங்கே வேர்கொள்ள மறுக்கிறது என்ற கேள்விக்கு, பாலக்காடு முதல் இடுக்கி வரையிலான எல்லைப்புறத்தின் நூறாண்டு வரலாறு தரும் விடை அதில் அடங்கியுள்ளது.

முதலில் நீச்சல் முறையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பட்டாம்பூச்சி நீச்சல் தனியாகப் பிறந்ததன்று. மார்பு நீச்சலின் வயிற்றில் பிறந்தது. ஊர்க்குளங்களில் தவளை நீச்சல் என்று சொல்லப்படுவதன் ஒழுங்குபடுத்தப்பட்ட வடிவம் மார்பு நீச்சல். 1875இல் மேத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது இம்முறையில்தான். ஆடவர் 200 மீட்டர் மார்பு நீச்சல் 1908 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்று வருகிறது. 1930களில் அமெரிக்க நீச்சல் வீரர்கள் சிலர் அன்றைய விதியில் ஓர் இடைவெளியைக் கண்டனர். இரு கைகளும் ஒருசேர முன்னே வர வேண்டும் என்று விதி சொன்னதே தவிர, அவை நீருக்குள்ளேதான் வர வேண்டும் என்று சொல்லவில்லை. எனவே கைகளை நீருக்கு மேலே வீசி முன்னே கொண்டுவந்தனர். நீரின் தடை குறைந்தது, வேகம் கூடியது. ஐயோவா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேவிட் ஆம்ப்ரஸ்டர் காலத்தில் இதனுடன் டால்பின் போன்ற கால் அசைவும் சேர்ந்தது.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின்போது மார்பு நீச்சல் போட்டியில் மார்பு நீச்சலைக் காண்பதே அரிதாயிற்று. வென்ற ஆஸ்திரேலியரான ஜான் டேவிஸ் உட்படப் பெரும்பாலோர் பட்டாம்பூச்சிக் கைவீச்சையே கையாண்டனர். அதன் பின்னரே இரண்டும் பிரிக்கப்பட்டன. 1956 மெல்போர்னில் பட்டாம்பூச்சி முதன்முறையாகத் தனிப் போட்டியாக இடம்பெற்றது. அந்த முதல் போட்டியிலேயே ஓர் இந்தியர் நீந்தினார். ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து படையில் சேர்ந்த சம்ஷேர் கான் அவர். தாய் முறையின் அடையாளங்கள் இன்றும் பட்டாம்பூச்சியில் எஞ்சியுள்ளன. கைகள் இரண்டும் ஒருசேர இயங்க வேண்டும். சுவரை இரு கைகளாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். நான்கு நீச்சல் முறைகளில் இவ்விரண்டுக்கு மட்டுமே இந்தக் கட்டுப்பாடு உண்டு.

இந்திய நீச்சலுக்கு இந்தக் குடும்பத்தோடு ஒரு தனித் தொடர்பு அமைந்தது. 1951 தில்லி ஆசிய விளையாட்டில் சச்சின் நாக் 100 மீட்டர் தன்விருப்ப நீச்சலில் தங்கம் வென்ற பிறகு 35 ஆண்டுகள் ஆசியக் களத்தில் நீச்சல் பதக்கம் கிட்டவில்லை. அதன் பின் கிட்டியவை மூன்று. 1986 சியோலில் கஜான் சிங்குக்கு 200 மீட்டர் பட்டாம்பூச்சியில் வெள்ளி. 2010 குவாங்சோவில் வீர்தவல் காடேவுக்கு 50 மீட்டர் பட்டாம்பூச்சியில் வெண்கலம். 2014 இஞ்சியோனில் சந்தீப் செஜ்வாலுக்கு 50 மீட்டர் மார்பு நீச்சலில் வெண்கலம். மூன்றும் ஒரே குடும்பத்து முறைகள். மூன்றே பதக்கங்களை வைத்து விதி எதையும் வகுத்துவிட முடியாது. ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். செஜ்வாலின் மார்பு நீச்சலும் சஜனின் பட்டாம்பூச்சியும் ஆற்றிலோ கிணற்றிலோ தானாகப் பழகி வருபவை அல்ல. தவளை நீச்சல் அறிந்த கிராமத்துச் சிறுவனுக்கும் மார்பு நீச்சல் வீரனுக்கும் இடையில் அளந்து கட்டிய குளம், கோடு பிரித்த தடம், நேரங்காட்டி, விதியறிந்த நடுவர், ஒவ்வொரு உதையையும் திருத்தும் பயிற்சியாளர் ஆகிய ஐந்தும் வந்தாக வேண்டும். கால் ஒன்று சற்றே பிசகினாலும் தகுதியிழப்பு நேரும் விளையாட்டு இது. அதைக் கற்பிக்க நீர் மட்டும் போதாது. ஒரு நிறுவனம் தேவை.

இடுக்கியில் நீருக்குக் குறைவில்லை. 1886இல் திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் செய்துகொண்ட 999 ஆண்டுக் குத்தகையின்படி எழுந்து, 1895இல் நிறைவுற்ற முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பியது. சுதந்திரத்துக்குப் பின் பெரியாற்றின் கீழ்ப்பகுதியில், குறவன் குறத்தி மலைகளுக்கிடையே இடுக்கி வளைவு அணை எழுந்தது. செறுதோணி, குளமாவு அணைகள் துணைசெய்ய, 1976இல் திட்டம் இயங்கத் தொடங்கியது. பாலக்காட்டுப் பக்கத்தில் 1955இல் மலம்புழை அணை நீரைத் தேக்கியது; பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் இரு மாநிலங்களையும் நீரால் பிணைத்தது. எல்லைப்புற மலைகளின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை அணைகளின் வரலாறு என்றே எழுதிவிடலாம்.

இந்த நீர் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் உரியது. உடலுக்கு உரியதாக ஒருபோதும் திட்டமிடப்படவில்லை. இடுக்கி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு சுமார் 70 டி.எம்.சி. ஒலிம்பிக் அளவிலான, 50 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட குளம் ஒன்று 25 லட்சம் லிட்டர் கொள்ளும். அக்கணக்கில் இடுக்கி நீர்த்தேக்கம் ஏறத்தாழ 8 லட்சம் ஒலிம்பிக் குளங்களுக்குச் சமம். நீச்சல் வீரனுக்கு வேண்டியது அவற்றுள் ஒன்றே. ஆனால் அந்த ஒன்றை மலை தரவில்லை. மலையாறு சரிவில் பாய்கிறது. மழைக்காலத்தில் நெருங்க முடியாது, கோடையில் பாறை தெரிகிறது. அணைநீர் காவலுக்கும் தடைக்கும் உட்பட்டது. நீர் கண்ணுக்கு எதிரே நிறைந்திருந்தும் நீச்சல் பண்பாடு உருவாகாத நிலம் இது.

கேரளத்தின் நீச்சல் மரபு வேறிடங்களில் தழைத்தது. குட்டநாட்டின் காயல்களும் தோடுகளும் சூழ்ந்த எடத்துவாவிலிருந்து வந்த செபாஸ்டியன் சேவியர் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 50 மீட்டர் தன்விருப்ப நீச்சலில் போட்டியிட்டார். திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள பிரப்பன்கோடு, நீச்சலுக்காகவே அறியப்படும் கிராமம். இன்று அங்கே சர்வதேசத் தரக் குளம் உள்ளது. அமைதியான நீரும் ஊராரின் ஆர்வமும் இருந்த இடங்களில் தொடங்கிய மரபைப் பின்னர் நிறுவனங்கள் எடுத்து வளர்த்தன.

மலையும் மலையடிவாரமும் தந்தவர்கள் ஓட்டக்காரர்கள். இடுக்கி மாவட்டப் பட்டியலைப் பார்த்தால் வியப்பு மேலிடும். தொடுபுழைப் பகுதியைச் சேர்ந்த ஷைனி வில்சன் 1984 முதல் 1996 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஓடினார். 1992 பார்சிலோனாவில் இந்தியக் கொடியை ஏந்தினார். கொம்பிடிஞ்சாலின் கே. எம். பீனாமோள் 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் தங்கம் வென்றார். முல்லக்கானத்தின் பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோவில் 10,000 மீட்டரில் தங்கம் வென்றார். பாலக்காட்டுப் பக்கத்தில் முண்டூரின் பி. யு. சித்ரா 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளத்தில் 1500 மீட்டர் தங்கம் வென்றார், பாலக்காட்டின் எம். ஸ்ரீசங்கர் 2022 காமன்வெல்த் விளையாட்டில் நீளந்தாண்டலில் வெள்ளி வென்றார். இவ்விரு மாவட்டங்களும் இந்தியத் தடகளத்துக்குத் தந்தது அவற்றின் அளவுக்கு மிகப் பெரிது.

இதன் காரணம் உடலமைப்பிலோ மலைக்காற்றிலோ மட்டும் இல்லை. ஓட்டத்துக்குத் தேவையானவை ஒரு மைதானமும், விடியற்காலையில் வந்து நிற்கும் ஓர் உடற்பயிற்சி ஆசிரியரும், மாவட்டப் போட்டிக்கு அழைத்துச்செல்லும் ஒரு பள்ளியும். 1940களிலிருந்து மலைக்குக் குடியேறிய விவசாயிகள் பள்ளிகளைக் கட்டினர். அந்தப் பள்ளிகளில் மைதானம் இருந்தது. பாலக்காட்டின் பறளி, முண்டூர் ஊர்ப் பள்ளிகள் மாநிலப் பள்ளித் தடகளத்தில் தனிப் பெயர் பெற்றன. பள்ளி கட்டும் செலவில் மைதானம் கிடைத்துவிடும். நீச்சல் குளம் கிடைக்காது. குளத்துக்கு நீர்ச் சுத்திகரிப்பு வேண்டும்; மின்சாரம் வேண்டும்; ஆண்டு முழுவதும் பராமரிப்புச் செலவு வேண்டும். ஒரு விவசாயக் கிராமத்தின் கைக்கு எட்டாத செலவு அது. மலைச்சிறுமி ஓடினாள், ஏனெனில் ஓடுவதற்கு அனுமதியும் மூலதனமும் மிகக் குறைவாகவே தேவைப்பட்டன.

சஜனின் தாய் வி. ஜே. சாந்திமோள் இந்த ஓட்டக்காரர் மரபைச் சேர்ந்தவர். தேசிய அளவில் அறியப்பட்ட தடகள வீராங்கனை. அவர் பணியாற்றிய இடம் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம். இதுவும் தனித்ததொரு நிகழ்வன்று. ஷைனி வில்சன் இந்திய உணவுக் கழகத்தில் சேர்ந்து சென்னையில் பணியாற்றினார். பிரீஜாவுக்கு ரயில்வே வேலை தந்தது. இந்திய விளையாட்டின் பொருளாதாரம் பல பத்தாண்டுகள் பொதுத்துறை நிறுவனங்களின் மீதே நின்றது. ரயில்வே, காவல்துறை, படை, நிலக்கரி, உணவுக் கழகம் என்று வீரர்களுக்குச் சம்பளம் தந்தவை அரசின் பல கைகள். கேரள மலையின் பெண்கள் தமிழ்நாட்டின் நகரங்களில் பணியேற்று வாழ்ந்தது இந்த ஏற்பாட்டின் விளைவு.

இந்த இடப்பெயர்வை ஒரு நீண்ட வரலாற்றின் மறுபக்கமாகவும் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்ணன் தேவன் மலைகளில் தோட்டங்கள் எழுந்தபோது, கங்காணிகள் தமிழ்ச் சமவெளியிலிருந்து தொழிலாளர்களை போடி, கம்பம் வழியாக மலையேற்றினர். 1956 மாநில மறுசீரமைப்பின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழ்நாட்டுக்கு உரியவை என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியதன் அடிப்படை அந்தத் தொழிலாளர் மக்கள்தொகையே. வட்டங்கள் கேரளத்தில் தங்கின. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவாயிற்று. கூலிக்காக மலையேறியவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. மாதச் சம்பளத்துக்காக மலையிறங்கித் தமிழ்நாட்டின் பொதுத்துறை நகரியங்களில் குடியமர்ந்தவர்களைப் பற்றி எழுதப்பட்டவை குறைவு. சஜனின் வாழ்க்கை இந்த இரண்டாவது வரலாற்றைச் சேர்ந்தது.

நெய்வேலியின் கதையும் நீரில்தான் தொடங்கியது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஊற்றுக்கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்புத் துகள்கள் மேலே வந்தன. 1956இல் நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதத்தில் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கம் இயங்கும். இறைத்த நீர் மின்நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் பயன்பட்டது. ஊர்களை இழந்தவர்களின் நிலத்தில் திட்டமிட்ட வட்டங்களும் சாலைகளும் மருத்துவமனையும் பள்ளிகளும் மைதானங்களும் எழுந்தன. அவற்றோடு நீச்சல் குளமும் வந்தது. நகரியத்தின் வசதிகளைப் பேசும்போது நிலம் கொடுத்த சுற்றுக் கிராமங்களைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நகரியத்துக் குழந்தைக்குச் சைக்கிள் தூரத்தில் இருந்த குளம், வேலிக்கு வெளியே இருந்த குழந்தைக்கு வேறொரு உலகத்தில் இருந்தது.

அந்த வேலிக்கு உட்பட்ட குழந்தை சஜன். சிறு வயதிலேயே நகரியக் குளத்தில் இறங்கினார். தாய் ஓடியவர், மகன் நீந்தினார். ஒரே குடும்பத்தில் ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இந்த மாற்றத்துக்குப் பரம்பரையைக் கொண்டு மட்டும் விளக்கம் சொல்லிவிட இயலாது. பயிற்சியின் ஒழுங்கைத் தாயிடமிருந்து பெற்றார் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த ஒழுங்கு ஓடுதளத்தில் அல்லாமல் நீரில் வெளிப்பட்டதற்குக் காரணம் அந்தக் குளம். குடும்பம் மணியாரன்குடியிலேயே தங்கியிருந்தால் இடுக்கியின் இன்னொரு ஓட்டக்காரராக அவர் வளர்ந்திருக்கக்கூடும்.

நகரியக் குளம் அடித்தளம் தந்தது. உயர்நிலைப் பயிற்சியைப் பெங்களூரு தந்தது. அங்கே பசவனகுடி நீச்சல் மையத்தில் பயிற்சியாளர் எஸ். பிரதீப்குமாரிடம் அவர் சேர்ந்தார். போட்டிகளில் நீந்தியதோ கேரளத்துக்காக. 2015இல் கேரளம் நடத்திய தேசிய விளையாட்டில் 6 தங்கமும் 3 வெள்ளியும் வென்றார். அப்போட்டியின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானார். நீச்சல் நடந்த இடம் பிரப்பன்கோடு. தமிழ்நாட்டில் கற்று, கர்நாடகத்தில் தேறி, கேரளத்துக்குப் பதக்கம் தந்த இந்த வரிசை, மாநில வாரியான பதக்கப் பட்டியல்கள் எதை மறைக்கின்றன என்பதைக் காட்டும். பின்னர் கேரளக் காவல்துறை அவருக்குப் பணி தந்தது. தாய்க்கு நிலக்கரி நிறுவனம் எதுவோ, மகனுக்குக் காவல்துறை அது.

2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் பொது ஒதுக்கீட்டின் வழியே சென்றார். 200 மீட்டர் பட்டாம்பூச்சியை 1 நிமிடம் 59.37 விநாடியில் முடித்து 28ஆம் இடம் பெற்றார். அதே போட்டியில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 1 நிமிடம் 53.36 விநாடியில் தங்கம் வென்றார். இடைவெளி ஆறு விநாடி. 2018 ஏப்ரலில் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டில் இறுதிப்போட்டிக்கு முன்னேறி எட்டாம் இடம் பெற்றார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் மலைநீர் அவரது வாழ்வில் வேறு முகத்தோடு நுழைந்தது. கேரளத்தில் பெருமழை. ஆகஸ்ட் 9 அன்று செறுதோணி அணையின் மதகு 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டது. மறுநாள் ஐந்து மதகுகளும் திறந்தன. செறுதோணிப் பாலத்தின் மேல் வெள்ளம் புரண்டது. மாவட்டமெங்கும் மண்சரிவு, சாலைகள் அறுந்தன, தொலைபேசி அடங்கியது. மாநிலம் முழுவதும் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நாட்களில் சஜன் ஆசிய விளையாட்டுக்காக ஜகார்த்தாவில் இருந்தார். இடுக்கியிலிருந்த அவரது தாய்வழி உறவினர் சிலரைப் பற்றித் தகவல் கிடைக்கவில்லை என்பதை அப்போதைய செய்தித்தாள்கள் பதிவு செய்தன.

ஆகஸ்ட் 19 அன்று 200 மீட்டர் பட்டாம்பூச்சி. கஜான் சிங்குக்குப் பின் 32 ஆண்டுகள் கழித்து அப்போட்டியின் இறுதிச் சுற்றை எட்டிய இந்தியரானார் சஜன். 1 நிமிடம் 57.75 விநாடி, தேசியச் சாதனை, ஐந்தாம் இடம். ஊடகங்கள் இதை மனவுறுதியின் கதையாக எழுதின. அது பிழையன்று, ஆனால் அவ்வளவில் நிறுத்திவிட்டால் வரலாறு நழுவிவிடும். எட்டு தடங்களாகப் பிரித்து, வெப்பநிலை அளந்து, அலை அடங்கும்படி கட்டிய நீரில் ஒருவர் உச்சத்தை எட்டிய அதே வாரத்தில், அவருடைய சொந்த மண்ணில் அளவையும் தடத்தையும் மீறிய நீர் வீடுகளுக்குள் புகுந்தது. எட்டு லட்சம் குளங்களுக்கு நிகரான நீரைத் தேக்கிவைத்த மலைமக்களுக்கு அந்நீரோடு இருந்த உறவு, மின்சாரம், அச்சம் என்ற இரண்டோடு முடிந்துவிட்டது. நீச்சல் வெள்ளத்தை வெல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை. நீருக்கு நடுவே வாழும் ஒரு சமூகத்தின் குழந்தைகளுக்கு நீரைக் கற்பிக்க எவரும் பொறுப்பேற்கவில்லை என்பதே அங்கு வெளிப்பட்டது.

அதன் பின் வந்த ஆண்டுகள் இந்த விளையாட்டு எவ்வளவு முழுமையாகக் குளத்தைச் சார்ந்தது என்பதை மீண்டும் நிறுவின. சர்வதேசக் கூட்டமைப்பின் உதவித்தொகையில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் அவர் பயிற்சி பெற்று வந்தார். கழுத்தெலும்பு வட்டு விலகியதால் கையில் வலியும் வலுவிழப்பும் ஏற்பட்டன. இரு கைகளையும் ஒருசேர வீச வேண்டிய முறையில் ஒரு கையின் தளர்ச்சி முழுத் தளர்ச்சியாகிவிடும். 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தது. இந்தியாவில் குளங்கள் மூடப்பட்டன. போட்டி வீரர்களின் பயிற்சிக்காக அவை திறக்கப்பட்டது அக்டோபர் நடுவில்தான். ஓட்டக்காரருக்கு மொட்டைமாடியாவது எஞ்சியிருந்தது. நீச்சல் வீரருக்கு எதுவும் எஞ்சவில்லை. 2020 ஆகஸ்டில் சஜன் துபாய்க்குச் சென்று, அங்கிருந்த பிரதீப்குமாரிடம் மீண்டும் பயிற்சியைத் தொடங்கினார். வளைகுடாவுக்குப் போய்த்தான் வழி தேட வேண்டும் என்ற கேரளத்தின் பழைய பாதை நீச்சலுக்கும் வந்து சேர்ந்தது.

2021 ஜூனில் பெல்கிரேடில் 1 நிமிடம் 56.96 விநாடி. ஒரு வாரத்தில் ரோமில் 56.38. ரியோவிலிருந்து ரோமுக்கு ஐந்து ஆண்டுகள். குறைந்த நேரம் 2.99 விநாடி. ரோமில் மறுநாளே பெங்களூருவின் ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டர் மல்லாந்த நீச்சலில் 'ஏ' அளவை எட்டினார். டோக்கியோவில் சஜன் 1 நிமிடம் 57.22 விநாடியில் நீந்தி 24ஆம் இடம் பெற்றார். அரையிறுதிக்குத் தகுதி பெறவில்லை. அங்கே தங்கம் வென்ற ஹங்கேரியின் கிறிஸ்டோஃப் மிலாக்கின் நேரம் 1 நிமிடம் 51.25 விநாடி. 2024 பாரிசுக்கு இந்தியாவிலிருந்து சென்ற இரு நீச்சல் வீரர்களும் மீண்டும் பொது ஒதுக்கீட்டின் வழியே சென்றனர். திறந்த கதவு திறந்தபடியே நிற்கவில்லை.

இந்தப் பின்னடைவு சஜனின் சாதனையைக் குறைப்பதன்று. அதை எவ்வாறு புரிந்துகொள்ள வேண்டும் என்பதைக் காட்டுவது. ஒரு தனிமனிதரின் வாழ்வில் ஐந்து இடங்கள் வரிசையாக அமைந்தன: நெய்வேலியின் நகரியக் குளம், பெங்களூருவின் பயிற்சி மையம், கேரளத்தின் அரசுப்பணி, புக்கெட்டின் உதவித்தொகை, துபாயின் குளம். இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் அந்த 17 சென்டிமீட்டர் கிட்டியிருக்காது. இந்த ஐந்தையும் ஒரு கொள்கையாக எவரும் இணைக்கவில்லை. ஒரு தாயின் வேலையும் ஒரு பயிற்சியாளரின் உடனிருப்பும் ஒரு வீரரின் பிடிவாதமும் இணைத்தன. தற்செயலாக இணைந்தவை அடுத்தவருக்கு அப்படியே கிடைப்பதில்லை.

விளையாட்டு வரலாற்றை ஆராயும் மாணவர்களுக்கு இதில் பணி காத்திருக்கிறது. பொதுத்துறை நகரியங்களின் விளையாட்டுத் துறை ஆவணங்கள், வேலை தந்து வீரர்களை வளர்த்த நிறுவனங்களின் பணிப்பதிவுகள், எல்லைப்புறப் பள்ளிகளின் உடற்பயிற்சி ஆசிரியர்களுடைய நினைவுகள் ஆகியவை இன்னும் வரலாற்று மூலங்களாகக் கருதப்படுவதில்லை. மாநில எல்லையை வைத்து எழுதப்படும் விளையாட்டு வரலாறு, நெய்வேலியைச் சஜனின் கதையில் ஓர் அடிக்குறிப்பாகச் சுருக்கிவிடும். தமிழ்நாட்டின் வரலாறோ, வேறு மாநிலத்துக்கு நீந்தியவர் என்று அவரைச் சேர்க்காமலே விட்டுவிடும். இரண்டு வரலாறுகளுக்கும் நடுவில் விழுந்துபோவது அந்தக் குளம்.

2025 தொடக்கத்தில் உத்தராகண்ட் தேசிய விளையாட்டிலும் முப்பத்தொரு வயதில் சஜன் கேரளத்துக்காக நீந்தினார். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் சிறுமிகள் இன்றும் விடியற்காலையில் பள்ளி மைதானங்களில் ஓடுகிறார்கள். அவர்களுள் ஒருத்தியின் தோள்களும் கணுக்கால்களும் மார்பு நீச்சலுக்கென்றே அமைந்தவையாக இருக்கலாம். அவளுக்கும் அதைச் சோதித்துப் பார்க்க 50 மீட்டர் நீளத்தில் ஒரு குளம் வேண்டும். எட்டு லட்சத்தில் ஒன்று.